விழிக்கும் நேரமும் மனநிலையும்: பல்கலைக்கழக மாணவர்களுக்கு உடற்கடிகாரம் பற்றிய ஓர் எளிய விளக்கம்

மாணவர்களுக்கு ஆரோக்கிய வாழ்வைப் பற்றிச் சொல்ல முற்படுபவர்கள் பெரும்பாலும் ஒரு நீண்ட பட்டியலோடு வருகிறார்கள். நன்றாக உறங்க வேண்டும், மரக்கறி சாப்பிட வேண்டும், உடற்பயிற்சி செய்ய வேண்டும், கைபேசியைக் குறைக்க வேண்டும், நாலு பேரோடு பழக வேண்டும் என்று அது நீள்கிறது. அதில் பிழையான அறிவுரை எதுவும் இல்லை. ஆயினும் காலை எட்டு மணிக்கு விரிவுரை, மாலையில் கைச்செலவுக்காக எடுக்கும் ரியூஷன் வகுப்பு, இரவில் முடிக்க வேண்டிய ஒப்படை என்று நாளைக் கழிக்கும் ஒருவருக்கு அதில் எதைப் பிடித்துத் தொடங்குவது என்பது விளங்குவதில்லை. ஒரு திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கி, அந்த வாரம் முடிவதற்குள் எல்லாவற்றையும் கைவிட்டுவிடுகிறார்.

ஆகவே இக்கட்டுரை ஒரேயொரு பழக்கத்தை முதலில் வைக்கிறது: வாரத்தின் ஏழு நாட்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எழுவது. எத்தனை மணிக்குப் படுக்கிறோம் என்பதைவிட எத்தனை மணிக்கு எழுகிறோம் என்பதே நம் கைக்குள் இருப்பது. மற்றப் பழக்கங்கள் பலவும் அதன் பின்னால் வந்து சேர்கின்றன. இது ஏன் என்பதை அறிய, உடலுக்குள் இயங்கும் கடிகாரத்தைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடலுக்குள் இருக்கும் கடிகாரம்

மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புக்கலங்களைக் கொண்ட ஒரு சிறு தொகுதி இருக்கிறது. உடல் வெப்பநிலை எப்போது கூட வேண்டும், எப்போது குறைய வேண்டும், உடலை விழிப்புக்குத் தயார்ப்படுத்தும் கோர்ட்டிசோல் என்னும் ஓமோன் எப்போது உயர வேண்டும், இரவு வந்துவிட்டதை உடலுக்குத் தெரிவிக்கும் மெலற்றோனின் என்னும் ஓமோன் எப்போது சுரக்கத் தொடங்க வேண்டும் என்பவற்றையெல்லாம் ஒரு நாள் அளவிலான ஒழுங்குக்குள் வைத்திருப்பது இத்தொகுதிதான். உண்மையில் ஈரல், குடல், தசை என உடலின் பெரும்பாலான கலங்களுக்குள்ளும் இத்தகைய கடிகாரப் பொறிமுறை உண்டு. மூளையிலுள்ளது அவற்றை ஒத்திசைக்கும் தலைமைக் கடிகாரம். கலத்துக்குள் சில மரபணுக்கள் எவ்வாறு மாறி மாறி இயங்கியும் ஓய்ந்தும் இந்த நேரக்கணக்கைப் பேணுகின்றன என்பதைப் பழ ஈக்களில் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தக் கடிகாரத்தின் ஒரு சுற்று சரியாக 24 மணி நேரம் அல்ல. பெரும்பாலானவர்களுக்கு அது சில நிமிடங்கள் கூடுதலானது. எனவே ஒவ்வொரு நாளும் அதைத் திருத்திவைக்க வேண்டியிருக்கிறது. அந்தத் திருத்தத்தைச் செய்வது வெளிச்சம். விழித்திரையில், உருவங்களைப் பார்ப்பதற்காக அன்றி, சூழலின் வெளிச்ச அளவை மூளைக்குத் தெரிவிப்பதையே முக்கிய வேலையாகக் கொண்ட சில கலங்கள் உள்ளன. அவற்றிலுள்ள மெலனொப்சின் என்னும் நிறமி நீல ஒளிக்கு மிகவும் கூர்மையாகத் துலங்குகிறது. காலையில் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு நகர்த்தி, நித்திரையை முன்னதாக வரச்செய்கிறது. இரவில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி, நித்திரையைப் பிந்தச் செய்கிறது. இந்த இரண்டையும் மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் இனி வருவதில் பாதி தானாகவே விளங்கும்.

கடிகாரத்தோடு இன்னொரு விசையும் சேர்ந்தே நித்திரையைத் தீர்மானிக்கிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேர நித்திரைக்கான அழுத்தம் கூடுகிறது. உறங்கும்போது அது குறைகிறது. அலெக்சாண்டர் போர்பெலி என்னும் ஆய்வாளர் 1982 இல் இவ்விரண்டையும் இணைத்து முன்வைத்த விளக்கமே இன்றும் நித்திரை பற்றிய அடிப்படைப் பாடமாக இருக்கிறது. போதிய அழுத்தமும், கடிகாரம் காட்டும் இரவும் ஒரே வேளையில் சந்தித்தால் நித்திரை இலகுவாக வருகிறது. நாம் எழும் நேரம் இந்த இரண்டையும் ஒருசேரத் தொடக்கி வைக்கிறது: எழுந்த கணத்திலிருந்து அழுத்தம் சேரத் தொடங்குகிறது, எழுந்தபின் காணும் வெளிச்சம் கடிகாரத்தைத் திருத்துகிறது. படுக்கும் நேரத்தை நாம் தீர்மானித்தாலும் நித்திரை வரும் நேரத்தைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. எழும் நேரத்தையோ அலாரம் வைத்துப் பிடித்துவிடலாம்.

இருபது வயதுக்காரர்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பருவ வயதிலிருந்து கடிகாரம் மெல்ல மெல்லப் பின்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ இருபது வயதில் ஆகப் பிந்திய நிலையை அடைந்து, பின்னர் திரும்ப முன்னோக்கி வருகிறது என்பதை ஐரோப்பாவில் பல்லாயிரக்கணக்கானோரிடம் திரட்டிய தரவுகளிலிருந்து டில் ரோனபெர்க் என்பவரின் குழு 2004 இல் காட்டியது. பதினொரு மணிக்கு நித்திரை வராத மாணவர் சோம்பேறி அல்லர். அவருடைய உடலில் அப்போது இரவு இன்னும் தொடங்கவில்லை. வீட்டில் இதை விளங்கப்படுத்தினால் பல வாய்த்தர்க்கங்கள் குறையும்.

நித்திரை குலைந்தால் மனதுக்கு என்ன நேர்கிறது

ஒரு இரவு முழுவதும் நித்திரை முழித்தவர் மறுநாள் சிறு சொல்லுக்கும் சினந்து விழுவதை எல்லோரும் கண்டிருப்போம். அதன் உள்ளே நடப்பதை 2007 இல் மத்தியூ வோக்கர் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் மூளை ஸ்கான் மூலம் பார்த்தார்கள். ஏறத்தாழ 35 மணி நேரம் விழித்திருந்த இளம் வயதினருக்கு மனதைப் பாதிக்கும் படங்களைக் காட்டியபோது, அச்சத்தையும் ஆபத்தையும் உணரும் அமிக்டலா என்னும் பகுதி, நன்றாக உறங்கியவர்களைவிட 60 சதவீதம் அளவுக்குக் கூடுதலாகத் துலங்கியது. அதைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதியோடு அதற்கு இருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. பரீட்சைக் காலத்தில் வினாத்தாளைவிட அதைப் பற்றிய பயம் பெரிதாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் மனநலக் குறைவால்தான் நித்திரை கெடுகிறதா, நித்திரை கெடுவதால்தான் மனநலம் குறைகிறதா என்ற கேள்வி நீண்ட காலம் இருந்தது. இரண்டுமே உண்மை. இதில் மாணவர்களுக்கு மிகவும் பயனுள்ள சான்று ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த டானியல் ஃபிரீமன் தலைமையில் நடந்து 2017 இல் வெளியான ஆய்வு. பிரித்தானியாவின் 26 பல்கலைக்கழகங்களில் நித்திரையின்மையால் அவதிப்பட்ட 3,755 மாணவர்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு நித்திரையைச் சீராக்கும் இணையவழிப் பயிற்சி கொடுக்கப்பட்டது. மற்றவர்கள் வழமைபோல் விடப்பட்டனர். பயிற்சி பெற்றவர்களின் நித்திரை மேம்பட்டதோடு, மனச்சோர்வும் பதற்றமும் பிறர் மீதான காரணமற்ற ஐயமும் குறைந்தன. இடையில் பலர் விலகிச் சென்றதால் இதை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆயினும் அப்பயிற்சி நித்திரையை மட்டுமே இலக்காகக் கொண்டிருந்தது, மனநிலையும் கூடவே மாறியது என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

அதே ஆண்டில் ஹார்வர்டில் 61 மாணவர்களை 30 நாட்கள் பின்தொடர்ந்த இன்னோர் ஆய்வு, எத்தனை மணி நேரம் உறங்கினார்கள் என்பதற்கு அப்பால், எவ்வளவு ஒழுங்காக உறங்கினார்கள் என்று பார்த்தது. ஒழுங்கற்ற நேரங்களில் உறங்கியவர்களின் மொத்த நித்திரை நேரம் மற்றவர்களுடையதைவிடக் குறைந்திருக்கவில்லை. ஆயினும் அவர்களின் உடற்கடிகாரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியிருந்தது. பரீட்சைப் பெறுபேறும் தாழ்வாக இருந்தது. பகலில் அவர்கள் கண்ட வெளிச்சம் குறைவு, இரவில் கண்ட வெளிச்சம் அதிகம்.

வெள்ளவத்தையில் ஓர் அறை

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொழும்பில் வைத்துப் பார்ப்போம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியா, ஹற்றன் எனப் பல ஊர்களிலிருந்து படிக்க வரும் தமிழ் மாணவர்கள், பல்கலைக்கழக விடுதி கிடைக்காதபோது, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பகுதிகளின் போர்டிங் அறைகளில் தங்குகிறார்கள். அத்தகைய அறை எப்படியிருக்கும் என்பது அங்கு இருந்தவர்களுக்குத் தெரியும். மூன்று கட்டில்கள், ஒரு மேசை, நடுவில் ஒரு ரியூப் லைட். ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். அதனால் காலை ஒன்பது மணிக்கும் அறைக்குள் லைட் போட்டுத்தான் புத்தகம் பார்க்க முடியும். ஒருவர் பதினொரு மணிக்குப் படுக்க, இன்னொருவர் ஒரு மணி வரை ஒப்படை செய்ய, மூன்றாமவர் வெளிநாட்டிலிருக்கும் அண்ணனோடு கதைக்க, அந்த லைட் அணைவதேயில்லை. நள்ளிரவுக்குப் பின்னர் மட்டும் பயன்படுத்தவென்று டேட்டாவின் பெரும்பகுதியைத் தனியாக ஒதுக்கும் இணையப் பொதிகளும் இருக்கின்றன. காசைப் பார்த்துச் செலவழிக்கும் மாணவர் தரவிறக்கங்களையும் காணொளிகளையும் அந்த நேரத்துக்கென ஒதுக்கிவைப்பது இயல்பே. பகலில் இருட்டு, இரவில் வெளிச்சம் என்ற இந்த ஏற்பாடு உடற்கடிகாரத்துக்கு முற்றிலும் தலைகீழானது. இது தனிப்பட்ட ஒழுக்கக் குறைவன்று. வாடகையும் இடநெருக்கடியும் சேர்ந்து உருவாக்கிய நிலை.

இதற்குள் இருந்துகொண்டே செய்யக்கூடியது என்ன? நம் இலங்கை நாட்டுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம் நீடிக்கிறது. சூரியன் எந்த மாதத்திலும் காலை ஆறு மணியை ஒட்டியே உதிக்கிறது. குளிர்நாட்டு மாணவர்கள் மார்கழி மாதத்தில் காணாத காலை வெளிச்சம் நமக்கு எந்நாளும் வாசலில் இருக்கிறது. ஒளியின் செறிவை லக்ஸ் என்னும் அலகால் அளப்பார்கள்; வீட்டுக்குள் ஒரு சாதாரண விளக்கு தரும் ஒளி சில நூறு லக்ஸ் என்றால், முகில் மூடிய காலையிலும் வெளியில் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். ஆகவே எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் இருபது முப்பது நிமிடங்கள் வெளியில் இருப்பதே கடிகாரத்தைத் திருத்தும் முதல் மருந்து. தனியாக நேரம் ஒதுக்க முடியாதவர் ஒரு தரிப்பிடம் முன்னதாக இறங்கி நடக்கலாம். கடற்கரையோரமாக மரைன் டிரைவ் வழியே வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை நடந்தால் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் வெளிச்சமும் உடலசைவும் ஒருங்கே கிடைத்துவிடும்.

எழும் நேரத்தைத் தெரிவுசெய்யும்போது மிகக் கடினமான நாளைக் கணக்கில் எடுத்துத் தெரிவுசெய்வது நல்லது. வாரத்தில் மூன்று நாள் எட்டு மணி விரிவுரை இருப்பவருக்கு ஆறு மணி பொருத்தம் என்றால், ஏனைய நாட்களிலும் ஆறு மணியே. விட்டுக்கொடுப்பது அதிகபட்சம் ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைதான் இதைக் குழப்பும் நாள். வாரநாட்களில் இரவு ஒரு மணி முதல் காலை ஆறு மணி வரையும், ஞாயிறன்று இரண்டு மணி முதல் பத்து மணி வரையும் உறங்கும் ஒருவரின் நித்திரையின் நடுப்புள்ளி மூன்றரை மணியிலிருந்து ஆறு மணிக்கு நகர்கிறது. இரண்டரை மணி நேர வேறுபாடு என்பது கொழும்புக்கும் தோஹாவுக்கும் இடையிலான நேர வேறுபாடு. அதாவது அவருடைய உடல் ஒவ்வொரு வார இறுதியிலும் கட்டார் போய், திங்கட்கிழமை காலை திரும்பி வருகிறது. திங்கட்கிழமைகளில் வரும் அந்தக் காரணம் புரியாத கனத்தில் இதற்கும் பங்குண்டு. நித்திரைக் கடன் மிகுதியாக இருந்தால் மதியம் மூன்று மணிக்கு முன் இருபது நிமிடம் உறங்குவது, ஞாயிறு முழுவதையும் உறங்கித் தீர்ப்பதைவிட நல்லது.

சுபஹ் தொழுகைக்காக அதிகாலையில் எழும் முஸ்லிம் மாணவர்களுக்கு நிலையான எழும் நேரம் என்னும் இந்த நங்கூரம் ஏற்கெனவே உண்டு. அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது மறுமுனையை: அதிகாலை ஐந்து மணியை ஒட்டி எழுபவர் இரவு ஒரு மணிக்குப் படுத்தால் கணக்கு உதைக்கும். 18 முதல் 25 வயது வரையானவர்களுக்கு நாளொன்றுக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேர நித்திரை பரிந்துரைக்கப்படுகிறது. தொழுதபின் மீண்டும் படுப்பவர்கள் இரண்டாவது முறை எழும் நேரத்தையாவது நிலையாக வைத்துக்கொள்ளலாம்.

கட்டிலைப் பற்றியும் ஒரு சொல். நித்திரை மருத்துவத்தில் கட்டிலை உறங்குவதற்கு மட்டும் பயன்படுத்துமாறு சொல்வார்கள். கட்டிலே கதிரையாகவும் சாப்பாட்டு மேசையாகவும் இருக்கும் அறையில் இதை அப்படியே கடைப்பிடிக்க இயலாது. அதற்குப் பதிலாக, தலையணை உள்ள பக்கத்தை நித்திரைக்கென்று விட்டு, கால்மாட்டில் சுவரோடு சாய்ந்திருந்து படிக்கலாம். படிக்கும்போது போர்வையை மடித்து ஒதுக்கிவிட வேண்டும். படுத்து இருபது நிமிடமளவில் நித்திரை வராவிட்டால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து அந்தக் கால்மாட்டுப் பக்கத்துக்கு வந்து, மங்கிய வெளிச்சத்தில் ஏதாவது வாசித்து, கண் சொருகும்போது திரும்பலாம். லைட் விடயத்தில் அறைத் தோழர்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வருவதும், ஒரு சிறு மேசை விளக்கை மூவருமாகச் சேர்ந்து வாங்குவதும் பலருக்குப் பலனளித்திருக்கின்றன.

தேநீர், சாப்பாடு, மனிதர்கள்

கஃபீன் அடினோசினின் இடத்தில் போய் அமர்ந்து, நித்திரை அழுத்தம் மூளைக்குத் தெரியாதபடி மறைக்கிறது. அழுத்தம் குறைவதில்லை, தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். உட்கொண்டதில் பாதி உடலைவிட்டு நீங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். ஆளுக்கு ஆள் இது வேறுபடும். இரவு எட்டு மணிக்குக் கடையில் குடித்த பிளேன் டீயில் இருந்த கஃபீனில் பாதி ஒரு மணிக்கும் இரத்தத்தில் இருக்கிறது. தேயிலை நாட்டில் தேநீரை விடச் சொல்வது பொருத்தமற்றது. பிற்பகல் மூன்று மணியோடு நிறுத்துவது போதும். இன்னொரு பக்கத்தில், நித்திரை வருவதற்காகத் தடிமன் மாத்திரையை எடுக்கும் வழக்கமும் மாணவர்களிடம் உண்டு. அது தரும் மயக்கம் மறுநாள் விரிவுரை வரை நீடிக்கும். அதை வழக்கமாக்கிக்கொள்வது கூடாது.

காலைச் சாப்பாட்டைத் தவிர்த்து இரவு பதினொரு மணிக்குக் கொத்து சாப்பிடுவது, ஈரலிலும் குடலிலும் உள்ள கடிகாரங்களுக்கு மூளைக் கடிகாரத்துக்கு மாறான நேரத்தைச் சொல்கிறது. எழுந்து ஒன்றிரண்டு மணிக்குள் பாணும் பருப்புமாவது உள்ளே போனால் நாள் தொடங்கிவிட்டது என்று உடல் அறிந்துகொள்கிறது. உடலசைவைப் பொறுத்தவரை, வாரத்துக்கு 150 நிமிட மிதமான செயற்பாடு என்பதே உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குக் கூறும் குறைந்தபட்ச அளவு. மேலே சொன்ன அரை மணி நேரக் காலை நடையை ஐந்து நாள் செய்தாலே அது நிறைவேறுகிறது. நடை, மெல்லோட்டம், யோகாசனம், பாரம் தூக்கல் ஆகியவை மனச்சோர்வைக் குறைக்க உதவுகின்றன என்பதை 218 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2024 இல் வெளியான ஒரு மதிப்பீடு காட்டியது.

மனிதத் தொடர்பை இவற்றோடு சேர்த்து ஒரு வரியில் முடித்துவிட எனக்கு மனமில்லை. ஊரை விட்டு முதல் தடவையாக வந்தவருக்கு, சிங்களத்தில் சரளமாகப் பேச வராதவருக்கு, ஆங்கில விரிவுரையைப் பாதி விளங்கிக்கொண்டு திரும்புபவருக்குத் தனிமை மிக விரைவில் படிந்துவிடுகிறது. அத்தகையவரிடம் நண்பர்களைத் தேடிக்கொள் என்று சொல்வதில் பயனில்லை. குறித்த நேரத்தில் குறித்த ஒருவரோடு செய்யும் ஒரு சிறு செயலே அவருக்கு உதவும்: காலையில் ஒரே பஸ்ஸில் சேர்ந்து போவது, புதன்கிழமைகளில் நூலகத்தில் ஒரே மேசையில் இருப்பது, இரவுச் சாப்பாட்டை ஒன்றாக எடுப்பது. இது எழும் நேரத்தையும் காக்கிறது. யாராவது காத்திருக்கிறார் என்றால் அலாரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் படுக்க மனம் வராது.

பழக்கங்கள் போதாத இடம்

பழக்கங்களைப் பற்றிப் பேசும்போது பொறுப்பு முழுவதையும் மாணவரின் தலையில் சுமத்திவிடும் அபாயம் உண்டு. பகிடிவதைக்கு ஆளாகும் முதலாம் ஆண்டு மாணவருக்குக் காலை நடை தீர்வாகாது. அது 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம், முறையிடப்பட வேண்டியது. உணவுக்குக் காசு போதாமல் ஒரு வேளையைத் தவிர்ப்பவருக்கு உணவு நேரம் பற்றிய அறிவுரை புண்படுத்துவதாகவே அமையும். அவருக்குத் தேவை உதவித்தொகையும் உதவும் கைகளும்.

நோய் என்ற நிலையும் உண்டு. வாழ்நாளில் மனநோய்க்கு உள்ளாகுபவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது 24 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது என்பது அமெரிக்காவில் நடந்து 2005 இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின் முடிவு. பல்கலைக்கழக வயது அதற்குள்தான் அடங்குகிறது. இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மனம் தாழ்ந்தேயிருப்பது, முன்பு விரும்பியவற்றில் நாட்டமின்மை, விடிவதற்கு முன்பே விழித்துக்கொண்டு மீண்டும் உறங்க முடியாமை, தன்னை ஒன்றுக்கும் உதவாதவராக எண்ணுவது ஆகியவை மனச்சோர்வு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். மாறாக, நாலைந்து நாட்களாக மிகக் குறைவாக உறங்கியும் களைப்பே இல்லாமல், பேச்சும் திட்டங்களும் செலவும் கட்டுமீறினால், அதையும் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். மனம் அளவுக்கு மீறி எழுவதும் தாழ்வதுமாக மாறிவரும் இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கு நித்திரை முழிப்பதே நோயைக் கிளப்பிவிடக்கூடும். வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் பார்த்திருக்கக் கூடாது; அன்றைக்கே சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு இடங்கள் உண்டு. பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்து வைத்தியரும் மாணவர் ஆலோசகரும் முதல் வாசல். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் 24 மணி நேரமும் இயங்குகிறது. தமிழில் பேச வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். அரச வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்குகளில் சிகிச்சை இலவசம். அந்த நிறுவகம் இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லி ஒருவரையொருவர் கேலி செய்யும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அந்தக் கேலிக்குப் பயந்து சிகிச்சையைப் பல மாதங்கள் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. அதை நண்பர் கூட்டத்தில் நிறுத்துவதும் மனநலப் பணிதான்.

வைத்தியரிடம் போவதற்கு முன் ஒரு கொப்பியில் இரண்டு வாரங்களுக்கு நான்கு விடயங்களைக் குறித்து வைத்தால் பேச்சு இலகுவாகும்: படுத்த நேரம், உறங்கியதாகத் தோன்றும் நேரம், எழுந்த நேரம், அன்றைய மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்ற ஒரு மதிப்பெண். என்ன செய்கிறது என்று வைத்தியர் கேட்கும்போது சொல் வராமல் திணறுபவர்கள் அந்தப் பக்கத்தை நீட்டினால் போதும். அவசர நிலையில் மட்டும் இந்தக் குறிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம்.